கை தெரியும் தூரம்

ஆக்னஸின் முகம் திரையை நிறைத்துக்கொண்டிருந்தது, மேலே கொஞ்சம் நெற்றி, கீழே நாடி வரைக்கும்தான், அதற்கு அப்பால் எதுவும் இல்லை, சன்னல் வழியாக வந்த காலை வெயில் ஒரு கன்னத்தில் மட்டும் படிந்திருக்க, கண்கள் விரிவதும் சுருங்குவதும், புருவம் ஏறி இறங்குவதும், உதடு குவிந்து பிரிவதுமாக அந்த முகம் ஒரு நொடிகூட ஓயவில்லை, செல்போனைப் பிடித்திருந்த கைகள் நடுங்கிவிடக் கூடாதென்று ஜெனோவா மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள், இத்தனை வருஷம் ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்து எழுந்த அக்காவுக்கு இப்படி ஒரு முகம் இருந்ததா, இது எங்கே இருந்தது, நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறவியிலேயே காது கேளாத அக்கா, தன்னைவிட ஐந்து வயது மூத்தவள், முப்பத்து நான்கு முடியப்போகிறது, தூத்துக்குடியில் அந்தச் சின்ன வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறவள், ஐந்து நிமிஷமாக எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள், என்ன சொன்னாள் என்று ஜெனோவாவுக்குத் தெரியாது, தெரிய வேண்டும் என்றும் அப்போது தோன்றவில்லை, முகமே போதுமாக இருந்தது.

ஜெனோவாவுக்கு வேலை பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில், நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாஸ்போர்ட் போட்டோக்களை நறுக்குவாள், தோளுக்குக் கீழே எல்லாம் போய்விடும், காது இரண்டும் தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது, ஒன்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேரை அப்படித் தோளோடு வெட்டியிருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை, அசையாத முகங்கள் அலுத்துப்போய்த்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள். நூலகத்தின் மாடி அறையில் பன்னிரண்டு பேர், சொல்லிக்கொடுப்பவர் மாசிலாமணி, கல்யாண வீடியோ எடுக்கிறவர், குரல் மண்டபத்தில் பழகிய குரல், பாருங்க, வைட் ஷாட்டுன்னா இடத்தக் காட்டுதோம், மிட் ஷாட்டுன்னா ஆளக் காட்டுதோம், க்ளோசப்புன்னா மனசக் காட்டுதோம், வீட்டுல யாராச்சும் ஒரு ஆளப் பிடிச்சு உக்கார வைங்க, மூணு தூரத்துல எடுத்துட்டு வாங்க, மத்ததெல்லாம் பொறவு என்றார். அடுத்த வாரம் ஜெனோவாவின் க்ளோசப்பைச் சுவரில் பெரிதாக ஓட்டிப் பார்த்தபோது அறையில் ஒருவரும் இருமக்கூட இல்லை, மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கல்யாண வீட்டுல நாலு கேமரா வச்சாலும் இப்படி ஒரு முகம் சிக்காதும்மா, யாரு இது என்று கேட்டார், எங்க அக்கா என்றாள் ஜெனோவா.

வீட்டுக்கு ஓடி வந்து, மிஷினை நிறுத்தச் சொல்லி, அக்காவின் மடியில் செல்போனை வைத்தாள். ஆக்னஸ் பார்த்தாள், வைட் ஷாட்டில் சுவரில் தொங்கிய துணிகளைப் பார்த்துச் சிரித்தாள், மிட் ஷாட்டில் தன் தலைமுடியைத் தொட்டுக்கொண்டாள், க்ளோசப் வந்தது, சிரிப்பு மெதுவாக வடிந்தது, கடைசி வரை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன என்று ஜெனோவா கையை விரித்துக் கேட்க, ஆக்னஸ் தன் போனை எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டினாள், என் பேச்சு இதுல இல்ல. பேசிக்கிட்டேதானே இருக்க, முகம் எவ்வளவு அழகா இருக்கு என்று இவள் தட்ட, உடனே பதில் வந்தது, கை எங்க, கைய வெட்டிட்ட, டிவி சத்தம் நிறுத்தின மாதிரி. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று வந்தது, அஞ்சு நிமிசம் சொன்னேன், உனக்கு ஒண்ணுமே புரியல?

ஒன்றுமே புரியவில்லை. அந்த வீட்டில் அக்காவிடம் பேச எத்தனை சைகை இருந்தது என்று அவள் எண்ணிப் பார்க்கிறாள், சாப்பிடு, வா, போ, தூங்கு, தண்ணீர், மழை, வலி, கோவில், அவன், இவள், வேண்டாம், முப்பதைத் தாண்டவில்லை, முப்பது சொல்லை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோம், ஆனால் அவள் தோழிகளோடு இருக்கையில் பேசியதெல்லாம் என்ன. ஒரு மாதா கோவில் திருவிழா, ஜெனோவாவுக்கு ஒன்பது வயதிருக்கும், தெருவின் இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி அலறுகிறது, அம்மா தன் காதில் கத்துவதே அவளுக்குக் கேட்கவில்லை, ஆக்னஸ் இந்தப் பக்கம் வளையல் கடை ஓரத்தில் நிற்கிறாள், அவளோடு பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் படிக்கிற மூன்று பெண்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுப் படியில், நடுவில் ஆயிரம் தலை, அத்தனை தலைக்கும் மேலே அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், கைகள் பறந்தன, ஒருத்தி ஏதோ சொல்ல அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், ஊரே செவிடாகிப்போன அந்தக் கூச்சலில் அந்த நான்கு பேருக்கு மட்டும்தான் எல்லாம் கேட்டது, குழந்தை ஜெனோவா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவு தூரத்திலிருந்து பேச முடிகிறவளை நான் இவ்வளவு கிட்டத்தில் கொண்டுவந்து ஊமையாக்கிவிட்டேனே என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலை, இன்னொரு தடவை எடுக்கிறேன், நீயே சொல், எந்த அளவு என்று எழுதிக் காட்டினாள். ஆக்னஸ் மிஷின் மேசையிலிருந்து துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்துக்கொண்டு சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள், கையைத் தலைக்கு மேல் எட்டிய மட்டும் உயர்த்தி ஒரு கோடு, இடுப்பில் ஒரு கோடு, முழங்கையை விரித்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற அதே நிதானத்தில் சுவரில் ஒரு பெரிய பெட்டியை வரைந்துவிட்டு அதன் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள், தன் வாயைத் தொட்டுக் காட்டி, அந்தப் பெட்டியைச் சுற்றிக் காட்டினாள், இதுதான் என் வாய். மாசிலாமணி சொன்ன தூரம் எதிலும் அது அடங்கவில்லை, மிட் ஷாட்டைவிடக் கொஞ்சம் தள்ளி, வைட் ஷாட்டைவிடக் கொஞ்சம் கிட்ட, ஜெனோவா ஸ்டாண்டில் போனை மாட்டி, நான்கு கோடும் ஓரத்தில் உட்காரும்படி நகர்த்தி நகர்த்தி வைத்தாள். ஆக்னஸ் பதினொரு நிமிஷம் பேசினாள்.

அப்படியே காட்டுனா வகுப்புல யாருக்கும் புரியாதும்மா, கீழ எழுத்துப் போட்டுரு என்று மாசிலாமணி போனில் சொன்னார், எழுத்துப் போட வேண்டுமென்றால் முதலில் இவளுக்குப் புரிய வேண்டும், அதனால் சாயந்தரம் ஸ்டுடியோவிலிருந்து வந்ததும் அக்காவும் தங்கையும் தரையில் உட்கார்ந்து வீடியோவை மெதுவாக ஓட்டுவார்கள், ஒரு கை எழும், நிறுத்துவாள், என்ன இது, ஆக்னஸ் எழுதிக் காட்டுவாள், இவள் அதைத் தன் கையால் செய்து பார்ப்பாள், ஆக்னஸ் விரலைத் திருத்துவாள், பிறகு அடுத்தது. மீசையை முறுக்கினால் அப்பா என்பது மட்டும் ஏற்கெனவே தெரியும், மற்றதெல்லாம் புதிது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒரு இடத்தில் ஜெனோவாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது, ஆக்னஸின் கட்டைவிரல் நுனி தூரத்தில், அந்தப் பெட்டியின் மூலையில், சின்னதாக ஊர்ந்து வருகிறது, அது பஸ், வர வர விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து முழு உள்ளங்கையாகிறது, கடைசியில் உள்ளங்கை முகத்துக்கு முன்னால் வந்து நின்றதும் அவள் கண்கள் சன்னல் சன்னலாகத் தேடுகின்றன, அடுத்த நொடி அவளே பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவராகி வெளியே எட்டிப் பார்க்கிறாள், வைட் ஷாட், மிட் ஷாட், க்ளோசப், பார்க்கிறவரின் பார்வை, பார்க்கப்படுகிறவரின் பார்வை, நூலக மாடியில் அவள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அத்தனையும் இந்த முன்னறையில் இரண்டு கையில் இருந்திருக்கிறது, கேமராவே இல்லாமல், அவள் குழந்தையாக இருந்த நாளிலிருந்து. ஸ்டுடியோவில் ஒரு மீன்பிடிக்காரரின் படத்தைத் தோளோடு நறுக்கப் போனவள், மவுசைப் பிடித்த விரலை அழுத்த முடியாமல் உட்கார்ந்திருந்தாள், வெட்டுக்கோட்டுக்குக் கீழே அவருடைய இரண்டு கைகளும் ஏதோ சொல்ல எழுவது போலிருந்தது, அது விழிப்பா கனவா என்று அன்றைக்கு அவளால் சொல்ல முடியவில்லை.

எழுத்து வரிவரியாக வந்தது. டிசம்பர். லீவு. பெட்டி கட்டியாச்சு. காலையிலேயே விடுதி கேட் பக்கம் நின்றேன். பஸ் வந்தது. அப்பா இல்லை. அடுத்த பஸ். அப்பா இல்லை. ஜெனோவாவின் விரல் நின்றது, இது எந்த டிசம்பர் என்று கேட்கத் தேவையில்லை, இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய டிசம்பர், ஆக்னஸுக்கு அப்போது பன்னிரண்டு வயது, இவளுக்கு ஏழு. அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து, ம், அடுத்தது என்று முழங்கையால் இடித்தாள். எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும். அப்பா மறந்துவிட்டார். கோபம். அப்பாவைத் திட்டினேன். கெட்ட வார்த்தை எல்லாம். கேட்டைப் பார்த்துத் திட்டினேன். மறுநாள் மாமா வந்தார். வீட்டில் கூட்டம். அப்பா படுத்திருந்தார். தலையில் வெள்ளைத் துணி. அம்மா நெற்றியில் கை வைத்துக் காட்டினாள். காய்ச்சல். துணி அதற்குத்தான் என்று நினைத்தேன். பெரிய பிள்ளை ஆன பிறகு நோட்டில் எழுதிக் கேட்டேன். அம்மா நோட்டிலும் காய்ச்சல் என்று எழுதினாள். அப்புறம் கேட்கவில்லை. கடைசிச் சைகைக்கு வந்தபோது வெளியே தெருவிளக்கு போட்டுவிட்டார்கள், இரண்டு விரல்கள் உள்ளங்கையில் நடந்து போகின்றன, நிற்கின்றன, புருவம் ஏறுகிறது, கைகள் அப்படியே அந்தரத்தில் காத்திருக்கின்றன, பதினொரு நிமிஷத்தின் முடிவில் அந்தக் காத்திருப்பு மட்டும் எட்டு விநாடி. ஆக்னஸ் எழுதிக் காட்டினாள், அன்னைக்கு அப்பா கிளம்பினாரா, இல்லையா?

ஜெனோவா எழுந்து அடுப்படிக்குப் போனாள், அம்மா சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். ம்மா, அக்கா அப்பாவக் கேக்கா. அம்மா நிமிரவில்லை, ஏட்டி, அதத் தோண்டாத, அவளக் கூட்டப் போன பஸ்ஸுலதான் மனுசன் போய்ச் சேந்தாருன்னு தெரிஞ்சா அந்தப் பிள்ள எப்படி நிம்மதியா ஒரு வாய் சோறு திங்கும், என்னாலதானன்னு நெனச்சு நெனச்சே செத்துருவா, அதுக்குத்தானே உங்கிட்ட அன்னைக்கே சத்தியம் வாங்கினேன். ஏழு வயதில் செய்த சத்தியம், மாதா படத்துக்கு முன்னால், எதற்கென்றே தெரியாமல். ஜெனோவா அம்மாவுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள், ம்மா, அவ இத்தன வருசமா என்ன நெனச்சிட்டு இருக்கா தெரியுமா, அப்பா அவள மறந்துட்டாருன்னு நெனச்சிட்டு இருக்கா. கத்தி நின்றது. யாரு சொன்னா? அவதாம்மா, கேட்டுல பொழுது அடையிற வரைக்கும் நின்னுருக்கா, கெளம்பவே இல்லன்னு நெனச்சிட்டா. மறந்துட்டாராமா என்றாள் அம்மா, அந்த மனுசனா, என்றாள், குரல் எங்கேயோ கீழே போய்விட்டது, கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நீயே சொல்லிரு தாயி, எனக்குக் கையும் வராது, வாயும் வராது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெனோவா வகுப்புக்குப் போகவில்லை. சொல்கிறேன் என்று அவள் சைகை காட்டியதும் ஆக்னஸ் அவளைத் தடுத்து, ஸ்டூலைக் காட்டினாள், சுவரில் இன்னும் அழியாமலிருந்த சாக்கட்டிக் கோடுகளுக்கு நடுவே உட்காரவைத்துவிட்டு, தானே ஸ்டாண்டை நகர்த்திப் போனை மாட்டி, குனிந்து திரையைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று கை காட்டிச் சிவப்புப் பொத்தானைத் தொட்டாள், உன் கை குழந்தைப் பேச்சு, எனக்கு மறுபடி மறுபடி பார்க்கணும் என்று எழுதிக் காட்டினாள். இந்தப் பக்கம் உட்காருவது இத்தனை பயமாக இருக்குமென்று ஜெனோவா நினைத்ததே இல்லை. மீசையை முறுக்கினாள், இரண்டு விரலை உள்ளங்கையில் நடக்கவிட்டாள், நிறுத்தவில்லை, முழங்கை வரைக்கும் நடக்கவிட்டாள். கிளம்பினார். ஆக்னஸின் புருவம் ஏறியது. கிளம்பினாரா? கிளம்பினார். எந்த பஸ்? முதல் பஸ், விடியக்காலை. பிறகு தனக்குத் தெரிந்த ஒரே முறையில், அக்காவிடம் கற்ற முறையில், ஒரு உள்ளங்கை பஸ், மறு உள்ளங்கை லாரி, நடுவில் பாலம், இரண்டும் எதிரெதிரே வந்தன, அதற்கு மேல் அவளால் கையைக் கொண்டுபோக முடியவில்லை, முடியாத அந்த இடைவெளியை ஆக்னஸே படித்துக்கொண்டாள். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள், சத்தம் எப்படி வெளியே போகிறதென்று அறியாதவளின் அழுகை அது, வீடு முழுக்க நிறைந்தது, அடுப்படியில் பாத்திரம் ஒன்று உருண்டது, ஆனால் அழுகைக்கு நடுவிலும் அவள் கை ஒரே சைகையைத்தான் செய்துகொண்டிருந்தது, வந்தார், வந்தார், வந்துகொண்டிருந்தார்.

கண்ணைத் துடைத்துவிட்டு அவள் கேட்கத் தொடங்கினாள், இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே போய்க் கேட்டாள், சட்டை என்ன நிறம், நீலக் கோடு போட்டது, சாப்பிட்டாரா, இல்லை, கடுங்காப்பி மட்டும், நீ எங்கே இருந்தாய், அலமாரிக்குப் பக்கத்தில், தரையில், போர்வைக்குள்ளே, அவர் என்ன செய்தார், கண்ணாடி பார்த்தார், ரொம்ப நேரமா, ஆமாம், ரொம்ப நேரம், அப்போதுதான் ஜெனோவாவுக்கு அந்தக் கண்ணாடி நினைவுக்கு வந்தது, அலமாரிக் கதவில் பதித்த ரசம் போன கண்ணாடி, அதற்குள் அப்பா, மஞ்சள் பல்பு வெளிச்சம், அப்பா கைகளை ஆட்டிக்கொண்டிருக்கிறார், ஆட்டிவிட்டுத் தலையை அசைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து, தனக்கு விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துக் குழந்தை சிரிக்கிறாள், அவர் கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்து, சிரிக்காதட்டி, எல்லாம் படிக்கணும்லா என்கிறார். அன்றைக்கு அது வெறும் கையாட்டல், இத்தனை வருஷமும் அது வெறும் கையாட்டல், இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கைகளைத் தன் கைகளில் கொண்டுவந்து ஒவ்வொன்றாகச் செய்யச் செய்ய, வரி வரியாக அதற்கும் கீழே எழுத்து விழுகிறது, மீசை, அப்பா, விரல்கள் நடந்து நெஞ்சுக்கு வருகின்றன, வந்துவிட்டேன், இரண்டு கையும் சேர்கின்றன, நாம் இரண்டு பேரும், விரல் நுனிகள் கூரையாகின்றன, வீட்டுக்கு, கடவுளே, அவர் பேசிக்கொண்டிருந்திருக்கிறார், கேட்டில் நின்று சொல்லப்போவதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், ஏழு வயதில் நான் பார்த்தது இதைத்தான்.

கண்ணைத் திறந்தபோது ஆக்னஸ் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் என்று ஜெனோவா கையை விரித்தாள், அப்புறம், ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்தில் இப்படிச் செய்தார், சவரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார் என்று சொல்லி, இரண்டு விரல் நுனிகளை நாடிக்குக் கீழே வைத்து இரண்டு முறை தட்டினாள். ஆக்னஸின் முகம் நின்றுபோனது, எழுந்து வந்தாள், சாக்கட்டிக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து தங்கையின் அந்த இரண்டு விரல்களைப் பிடித்துத் தன் நாடிக்கு அடியில் வைத்தாள், அங்கே சின்னதாக ஒரு தழும்பு, விடுதிக்குப் போன முதல் வருஷம் படியில் விழுந்து தையல் போட்டது, சவரம் இல்லை என்று தலையை ஆட்டினாள், போனை எடுத்து எழுதுகையில் எழுத்துகள் தாறுமாறாக விழுந்தன, அது நான், அது என் பேரு, ஸ்கூல்ல எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க, அப்பா பாக்க வந்தப்ப ஒரு தடவை சொன்னேன், ஒரே தடவை, அவருக்குப் புரியலன்னு நெனச்சேன்.

அம்மா வாசல்படியில் வந்து நின்றிருந்தாள், எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, என்னட்டி சொல்லுதா என்றாள். அவ பேரும்மா, அவளுக்கு ஒரு பேரு இருந்திருக்கு, அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு என்று ஜெனோவா சொல்லி, எப்படி என்று காட்டினாள். அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள், தயங்கினாள், பிறகு கையை உயர்த்தித் தன் நாடிக்குக் கீழே மூன்று விரலால் மெதுவாகத் தட்டினாள், ஒரு முறை, இன்னொரு முறை, ஆக்னஸ் அதைப் பார்த்தாள், அறையைக் கடந்து அம்மாவிடம் போனாள், அந்தக் கையைப் பிடித்து, மூன்றாவது விரலை மடக்கிவிட்டாள்.